டிகிரி காபிக்குத் தடை, ஒன்றேகால் லிட்டர் சோடாவுக்கு அனுமதி: மார்மன்களின் கணக்கு என்ன?

லீஹை_வாசி:
யூட்டா மாநிலத்தில் லீஹையில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை அலுவலகத் தோழர் ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். இருவரும் மார்மன்கள், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். என் மனைவி காலையிலேயே டிகாக்‌ஷன் இறக்கி, ஊரிலிருந்து சுமந்து வந்த பித்தளை டவரா செட்டைத் துலக்கி வைத்திருந்தாள். மணம் வாசல் வரை. மனிதர் கண்ணை மூடி ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்தார், அப்புறம் கையெடுத்து மறுத்துவிட்டார். சரி, டீ? அதுவும் ஆகாதாம். தண்ணீர் போதும் என்றார்.

சாயங்காலம் அவர் காரில் வெளியே போனோம். வழியில் ஒரு சோடாக் கடை. 44 அவுன்ஸ் குவளை, அதாவது 1.3 லிட்டர். டயட் கோக், தேங்காய் சிரப், எலுமிச்சை, மேலே கொஞ்சம் க்ரீம். இங்கே இதற்கு டர்ட்டி சோடா என்று பெயர். அதிலும் காஃபீன் இருக்கிறதே! நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது உடல்நலத்துக்கான விதியா, வெறும் பழக்கமா?

எதிர்க்காத்து:
உடல்நல விதிதான், ஆனால் 1833-ஆம் வருடத்து உடல்நலம்.

ஒஹாயோவில் கர்ட்லாண்ட் என்ற ஊர். ஒரு கடையின் மாடியறையில், இந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தன் சீடர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். உள்ளே வந்ததும் எல்லாரும் புகைக்குழாயைப் பற்றவைப்பார்கள், புகை முடிந்ததும் புகையிலையை வாயில் அடக்கித் தரையெல்லாம் துப்புவார்கள். துடைப்பது யார்? ஸ்மித்தின் மனைவி எம்மா. அந்த அம்மாள் முணுமுணுத்ததில்தான் விஷயம் தொடங்கியது என்று ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1833 பிப்ரவரி 27 அன்று வெளிப்பாடு வந்தது. அவர்களுடைய ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலில் 89-வது பாகம், ‘ஞான வார்த்தை’ என்பார்கள்.

அப்போது அமெரிக்கா முழுக்க மதுவிலக்குச் சங்கங்கள்தான். சில்வெஸ்டர் கிரஹாம் போன்றவர்கள் மசாலா, இறைச்சி, காபி எல்லாம் உடலைக் கிளறிவிடும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த காலம். அந்தக் காற்று அந்த மாடியறைக்குள்ளும் வீசியிருக்கிறது, அவ்வளவுதான். அசல் வாசகத்தில் காபி, டீ என்ற சொல்லே கிடையாது. ‘சூடான பானங்கள்’ ஆகாது என்றுதான் இருக்கிறது.

காலைப்பனி:
நான் பதினொரு வருடமாக இந்தச் சபையில் இருக்கிறேன். தமிழ்ப் பெண்தான், காபி குடித்து வளர்ந்தவள்தான். மார்மன் என்ற பெயரைத் தவிர்த்து ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள் என்று 2018 முதல் தலைமை கேட்டுக்கொள்கிறது. தலைப்பு இவ்வளவு நீளம் தாங்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

எம்மா கதை எங்களுக்கும் தெரியும், நாங்களே சிரித்துக்கொண்டு சொல்வதுதான். ‘சூடான பானம்’ என்றால் காபியும் டீயும்தான் என்று 1842-இல் ஜோசப்பின் அண்ணன் ஹைரம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் சூடு என்பதல்ல விஷயம். சூடான சாக்லேட் குடிப்போம், மூலிகைக் கஷாயம் குடிப்போம், ஐஸ் போட்ட காபி குடிக்க மாட்டோம். காஃபீனும் விஷயமல்ல. விதியில் காஃபீன் என்ற பேச்சே இல்லை என்று 2012-இல் சபையே விளக்கம் தந்தது. எங்கள் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்தில் 2017 முதல் காஃபீன் உள்ள கோலாவும் விற்கிறார்கள். கிரீன் டீ கூடாது என்று 2019-இல் இளைஞர் பத்திரிகையில் மறுபடி நினைவுபடுத்தினார்கள். காபிக் கொட்டை, தேயிலை, இவை இரண்டும்தான் கணக்கு.

ஏன் என்று கேட்டால் எனக்குத் தரப்பட்ட காரணம் எதுவும் இல்லை. கொடுத்த வாக்கு, அவ்வளவே. காசிக்குப் போய்வந்த என் பாட்டி பலாப்பழத்தை விட்டுவிட்டாள். பலாவில் என்ன விஷம் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

சும்மாதான்:
கேட்டிருப்பார்கள் அக்கா. பலாவை விட்டவர்கள் சரி, எங்கள் வீட்டில் ஒருவர் காசிக்குப் போய்ப் பாகற்காயை விட்டுவிட்டு வந்தார்.

எதிர்க்காத்து:
பாட்டி உதாரணம் அழகு, ஆனால் பொருந்தாது. உங்கள் பாட்டி தன் பலாவைத்தான் விட்டாள். ‘நீயும் விடாவிட்டால் பேத்தி கல்யாணத்துக்கு உள்ளே வராதே’ என்று யாரையும் வாசலில் நிறுத்தவில்லை.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 89-வது பாகத்தின் தொடக்கத்திலேயே ‘கட்டளையாக அல்ல’ என்று இருக்கிறது. பல்லாண்டுகள் அப்படித்தான் தளர்வாக இருந்தது. ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்தபோது, 1921 வாக்கில், ஆலயத்துக்குள் போகும் பரிந்துரைச் சீட்டுக்கு இது நிபந்தனையானது. அமெரிக்கா முழுக்க மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த நேரம் அது என்பதையும் கவனியுங்கள். சீட்டு இல்லாவிட்டால் சொந்த மகளின் ஆலயத் திருமணத்தைக்கூடப் பார்க்க முடியாது. காபி குடிக்கும் அப்பா வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. அதே பாகத்தில் இறைச்சியைக் குறைவாக, குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் சாப்பிடுவதே கடவுளுக்குப் பிரியம் என்று இருக்கிறது. கோதுமை மனிதனுக்கு, சோளம் எருதுக்கு, ஓட்ஸ் குதிரைக்கு என்று பட்டியலே உண்டு. லீஹை நண்பரே, ஜூலை மாதம் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பார்பிக்யூ புகை வருகிறது, எண்ணிச் சொல்லுங்கள்.

கணக்கன்:
வரலாறு போதும், எண்ணுக்கு வருவோம். 355 மில்லி டயட் கோக்கில் காஃபீன் 46 மில்லிகிராம். 44 அவுன்ஸ் குவளையில் பாதி ஐஸ் என்று வைத்தாலும் ஒரு கப் காபிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். தோழர் எதையும் இழக்கவில்லை.

ஆனால் கேலி செய்வதற்கு முன்னால் இதையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஈடுபாடுள்ள மார்மன்களை 1980 முதல் 2004 வரை தொடர்ந்து கவனித்தார்கள். மற்றவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகவே குறைவு. அதே மாநிலத்தின் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும், அதாவது இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரும், அப்படித்தான். அவர்களில் ஆண்கள் மற்ற வெள்ளைக்கார ஆண்களைவிட 7.3 வருடமும், பெண்கள் 4.4 வருடமும் அதிகம் வாழ்கிறார்கள். விதி வேலை செய்கிறதா இல்லையா?

அதோடு புகையிலை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது 1964-இல். இவர்கள் அதற்கு 131 வருடம் முன்பே புகையிலை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அது தற்செயலா?

எதிர்க்காத்து:
கணக்கன் ஐயா, அதே வாசகத்தைக் கடைசி வரை படித்தீர்களா? புகையிலை காயத்துக்கும் நோயுற்ற மாட்டுக்கும் நல்ல மருந்து என்றும் அதில் இருக்கிறது. புகையிலையைத் திட்டியதில் முதல் ஆளும் இவர்கள் இல்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-லேயே அதைக் கரித்துக் கொட்டித் தனியாக ஒரு நூல் எழுதினார்.

ஆயுள் கூடுவதற்குக் காரணம் புகை, மது இரண்டும் இல்லாததும், குடும்பமும், வாரம் தவறாத கூட்டமும். அதில் காபியை விட்டதற்கு எத்தனை நாள் கூடியது என்று பிரித்துக் காட்டுங்கள், நானும் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறேன். அட்வென்டிஸ்டுகளின் கணக்கில் காய்கறிச் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் மார்மன்கள் மறந்துபோன பகுதி அதுதானே!

கணக்கன்:
பிரித்துக் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். காபி விஷயத்தில் அறிவியலே தடுமாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பட்டியலில் வைத்தது, 2016-இல் எடுத்துவிட்டது. அதே 2016-இல் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானத்தையும் உணவுக்குழாய்க்குக் கேடு தரக்கூடியது என்று சேர்த்தது.

சும்மாதான்:
ஆக ‘சூடான பானம்’ என்று எழுத்துக்கு எழுத்துப் படித்தவன்தான் ஜெயித்தான். சாக்லேட் பால் குடிக்கிறவர்கள் ஊதிக் குடிக்கவும்.

பொழுதுசாய:
இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இரு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கிறீர்கள்.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். சின்ன வயதில் அப்பா கிணற்று நீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுவார். வடிகட்டியதும் துணியை உதறிப் போடமாட்டார், கவிழ்த்துப் பிடித்து அதே கிணற்று நீரால் அலசி விடுவார், துணியில் தங்கிய பூச்சி பிழைத்துப் போகட்டும் என்று. வாளி, துணி, அந்த அலசல், எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீர் சுத்தமாவது அதில் ஒரு பக்கவிளைவு. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்பதும் விளக்கில் வந்து விழும் உயிருக்காக, எங்கள் ஜீரணத்துக்காக அல்ல.

இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் ‘இடைவெளி விரதம், முன்னோர் அறிவு’ என்று தட்டிக்கொடுக்கிறார்கள். நாளைக்கு இன்னொரு ஆராய்ச்சி வந்து ராத்திரி சாப்பிடுவதே நல்லது என்றால் எங்கள் அப்பா முட்டாளா?

யூதர்களின் பன்றி விலக்குக்கும் இப்படித்தான் புழுக் கதை சொல்கிறார்கள். பன்றி இறைச்சியின் நுண்புழு மனிதனுக்கு நோய் தருவது நிரூபணமானதே 1860-இல். அது சரி, பன்றியை விலக்கும் லேவியராகமம் என்ற அதே வேதப் பகுதியில் ஒட்டகமும் முயலும் இறாலும்கூடத் தடை. அவற்றுக்கெல்லாம் எந்தப் புழு? விரதத்தை மருந்துச் சீட்டாக்கினால், மருந்து மாறும்போது விரதமும் போய்விடும்.

எதிர்க்காத்து:
பொழுதுசாய சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ‘ஞான வார்த்தை’யின் முடிவிலேயே ஆரோக்கியம், ‘ஓடியும் களைப்படையார்’ என்றெல்லாம் வாக்குறுதி கொடுத்திருக்கிறார்களே. மருந்துச் சீட்டை எழுதியது நான் இல்லை, அவர்களே. ரசல் நெல்சன் போன்ற இதய அறுவை மருத்துவர் ஒருவரே சபைத் தலைவராக இருந்திருக்கிறார். காபிக்குத் தடை ஏன் என்று மருத்துவராக அவரிடம் கேட்டிருக்கத் தோன்றாதா?

காலைப்பனி:
அந்த வாக்குறுதியில் அறிவும் ஞானப் பொக்கிஷமும் சேர்ந்தே இருக்கிறது அண்ணா, ரத்த அழுத்தம் மட்டும் இல்லை.

இறைச்சி விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. சமாளிக்க மாட்டேன். ஆலயச் சீட்டுக்காக பிஷப் (எங்கள் ஊர்ச் சபையின் பொறுப்பாளர்) அறைக்குப் போனால், இதைப் பற்றி ‘ஞான வார்த்தையைக் கடைப்பிடிக்கிறாயா’ என்று ஒரே கேள்விதான். கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் காபிதான் நினைவுக்கு வரும். கோழி பிரியாணி ஒருவருக்கும் நினைவுக்கு வராது. எனக்கும்தான். அது எங்கள் குறை.

ஆனால் சோடாவைப் பார்த்து ‘எதையும் இழக்கவில்லை’ என்றாரே கணக்கன், அது காஃபீன் கணக்கு. மதுரையில் பெரியப்பா இறந்த வீட்டில் இருந்தேன். விடியற்காலை, வெளியே பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டே வந்தாள். துக்க வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆறி, மேலே ஏடு படிந்தது. அத்தை திரும்பி வந்து டம்ளரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனாள். அன்றைக்கு நான் இழந்தது எத்தனை மில்லிகிராம்?

கணக்கன்:
தோற்றேன் அக்கா. எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எதிர்க்காத்து:
அந்த இடத்தில் எனக்கும் வாய் அடைத்துப்போகிறது. ஆனால் ஒன்று, அந்த அத்தை பக்கத்திலிருந்தும் யோசித்துப் பாருங்கள். விதியை எடுத்துக்கொண்டது நீங்கள், அதற்கு விலை கொடுத்ததில் பாதி அவள்.

காலைப்பனி:
யோசித்திருக்கிறேன். பல ராத்திரி.

லீஹை_வாசி:
இழை எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் ஒரு தகவல். நேற்று தோழர் மறுபடி வந்தார். இந்த முறை முன்யோசனையோடு சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கருப்பட்டியில் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். என் மனைவி வெள்ளந்தியாக ‘சுக்கு காபி’ என்று சொல்லிவிட்டாள். மனிதர் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். இதில் காபி ஒரு துளியும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். ‘பிறகு ஏன் காபி என்கிறீர்கள்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுப்படிக்கு வந்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் குடித்தார். மிளகு ஏறி இரண்டு தும்மல். இன்னொரு டம்ளர் கேட்டார். போகும்போது, மனைவியிடம் இதை என்ன பெயரில் சொல்வது என்று கவலையாகக் கேட்டார்.

காலைப்பனி:
கருப்பட்டிக் கஷாயம் என்று சொல்லச் சொல்லுங்கள் அண்ணா. நான் எங்கள் பிஷப்பிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.