தாராவியில் 40 பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை: மேமோகிராம் வண்டியா, கைப் பரிசோதனையா?

தாராவி மகளிர் குழு:
90 அடி ரோடு பக்கம் எங்க குழுவில 40 பேர் இருக்காங்க, வயசு 30லேர்ந்து 65 வரைக்கும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) வண்டியை வரவழைச்சு எல்லாருக்கும் எடுத்துடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. நர்ஸை வச்சுக் கையால பார்த்தாலே போதும்னு மீதிப் பேர். பால்வாடி அறை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்கும். எது சரி? கட்டி தட்டுப்பட்டா அடுத்து என்ன பண்ணணும்? போன வருஷம் இங்க நடந்த ஒரு கேம்ப்ல மூணு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. ஒருத்தர்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறல.

மாட்டுங்கா செவிலி:
கைப் பரிசோதனையை லேசா நினைக்காதீங்க. டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1998ல நம்ம மும்பைக் குடிசைப் பகுதிகள்லயே தொடங்கின ஆய்வு இருக்கு. 35லேர்ந்து 64 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சம் பெண்கள். அதுல ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 வருஷத்துக்கு ஒருமுறை கையால பார்த்தாங்க. முடிவு 2021ல வந்துச்சு: 50 வயசுக்கு மேல மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. 50க்குக் கீழ இறப்புல அப்படிக் குறைவு தெரியல. அதனால உங்க பட்டியல்ல 50 தாண்டினவங்க ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது.

ஆனா ஒரே நாள்ல 40 பேர் முடியாது. ஒரு மார்புக்குக் குறைஞ்சது 3 நிமிஷம் வேணும். அக்குள், விசாரிப்பு, எழுதுறது எல்லாம் சேர்த்தா ஆளுக்கு 10 நிமிஷம். 40 பேருக்கு 400 நிமிஷம், அதாவது ஏறக்குறைய 7 மணி நேரம். அவசரத்துல பார்த்தா விரல் மேலோட்டமா ஓடிடும், சின்னக் கட்டி நழுவிடும். ரெண்டு நர்ஸ் வையுங்க, இல்லன்னா ரெண்டு ஞாயிறா பிரிச்சுக்குங்க.

முதல்ல உட்கார வச்சு கண்ணால பாருங்க. கை கீழே, கை மேலே, அப்புறம் இடுப்புல கை வச்சு அழுத்தச் சொல்லி. தோல் குழி விழுறது, ஆரஞ்சுத் தோல் மாதிரி துளித்துளியா இருக்கிறது, புதுசா உள்ளிழுத்த காம்பு, இதெல்லாம் கையை அசைக்கும்போதுதான் காட்டிக் கொடுக்கும். பிறகு படுக்க வச்சு, பார்க்கிற பக்கத்துத் தோளுக்குக் கீழ மடிச்ச துண்டு, அந்தக் கை தலைக்கு மேல. நடு மூணு விரலோட நுனி இல்ல, சதைப்பகுதி. காசளவு சின்னச் சின்ன வட்டமா, ஒவ்வொரு இடத்துலயும் லேசா, நடுத்தரமா, அழுத்தி, மூணு தடவை. காறை எலும்புலேர்ந்து மார்புக்குக் கீழ் மடிப்பு வரைக்கும், நடு எலும்புலேர்ந்து அக்குள் வரைக்கும் மேலும் கீழுமா வரிவரியா போங்க. மேல் வெளிப்பக்கத்துலதான் கட்டி அதிகம் வரும், அங்க நிதானம். அக்குள் பார்க்கும்போது அவங்க கையை உங்க கைமேல தளர்வா போடச் சொல்லுங்க. விறைப்பா இருந்தா ஒண்ணும் தட்டுப்படாது. விரல் வழுக்கலன்னா கொஞ்சம் பவுடர் தொட்டுக்கலாம்.

மாதவிலக்கு நிக்காதவங்களை, விலக்கு தொடங்கின 7லேர்ந்து 10ஆம் நாளுக்குள்ள வர்ற மாதிரி ரெண்டு ஞாயிறுக்குள்ள மாத்திப் போடுங்க. விலக்குக்கு முன்னாடி மார்பே முடிச்சு முடிச்சா இருக்கும்.

செம்பூர் ரேடியோகிராபர்:
மேலே சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். அன்றே மேமோகிராம் எடுக்க வேண்டியவர்களுக்குப் பவுடர் வேண்டாம். பவுடரும் அலுமினியம் கலந்த டியோடரண்டும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். நோயில் வரும் சுண்ணாம்புப் படிவும் அப்படியேதான் தெரியும்.

வண்டியை 30 வயதுக்காரர்களுக்காக அழைக்காதீர்கள். இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக, படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. அவர்களுக்குக் கட்டி இருந்தால் முதலில் சோனோகிராபி (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்). 40க்கு மேல் மேமோகிராம் பயன்படும். பக்கத்துக்கு இரண்டு படம், அழுத்தம் சில விநாடிதான்.

ரிப்போர்ட்டில், படத்தில் தெரிந்ததை வகைப்படுத்தும் பைராட்ஸ் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, 6 மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது). 0 என்றால் "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது முடிவே அல்ல, இன்னும் படம் தேவை என்று பொருள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: கையில் தெளிவாகக் கட்டி தட்டுப்பட்டு, மேமோகிராம் நார்மல் என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். சில கட்டிகள் படத்தில் விழாது. சோனோகிராபியும் தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் ஆனபிறகுதான் அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

தாராவி மகளிர் குழு:
ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ஊசி குத்தினா பரவிடும்னு பயந்து, "கட்டியை மொத்தமா எடுத்துடுங்க"ன்னு பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போறாங்க. அது தப்பா? அப்புறம் பால் கொடுக்கிற ஒரு பொண்ணு, 29 வயசு, மார்பு சிவந்து வீங்கியிருக்கு. பால் கட்டுனதுன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க.

பரேல் பேத்தாலஜி:
ஊசியால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து வரும் என்ற பயம் வேண்டாம். ஆபத்து, என்ன கட்டி என்று தெரியாமலே வெட்டுவதில்தான். எவ்வளவு ஓரம் சேர்த்து எடுப்பது என்று தெரியாது, பாதி உள்ளே தங்கும், தழும்பு தவறான இடத்தில் விழும், இரண்டாவது ஆபரேஷன் வரும். கீமோ முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கியிருந்தால் மார்பையே காப்பாற்றியிருக்கலாம் என்ற நிலையில் அந்த வாய்ப்பும் போகும். முதலில் சோனோகிராபி பார்த்தபடி தடித்த 14 கேஜ் ஊசியில் ட்ரூ-கட் பயாப்ஸி, நாலைந்து துண்டு. மெல்லிய ஊசியில் செல் மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. இதற்குப் போதாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெட்டியாகிவிட்டது என்றால், கட்டி எதில் போடப்பட்டது என்று கேளுங்கள். உப்புத்தண்ணீரில் கிடந்த துண்டு கெட்டுப்போகும். ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) விழ வேண்டும், அளவு துண்டைப்போல் 10 மடங்கு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். இது பிசகினால் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) முடிவுகள் தவறாக வரலாம். ஹார்மோன் வகைக்கான தமாக்ஸிஃபென் மருந்து கொடுப்பதா, ஹெர்2 வகைக்கான டிராஸ்டுசுமாப் கொடுப்பதா என்பது இந்த மூன்றை வைத்துத்தான். ஹெர்2 "2+" என்றால் உறுதி செய்ய ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை தேவை. லேபிலிருந்து ரிப்போர்ட்டோடு, கட்டித் துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அந்த 29 வயதுப் பெண்: ஆன்டிபயாடிக் ஆரம்பித்து ஒரு வாரம், மிஞ்சினால் 10 நாள். முழுசாகச் சரியாகாவிட்டால் இரண்டாவது கோர்ஸ் மாத்திரைக்குக் காத்திருக்காமல் சோனோகிராபி, தேவைப்பட்டால் பயாப்ஸி. அழற்சி வகைப் புற்றுநோயும் இப்படியேதான் சிவந்து வீங்கும். பால் கொடுத்து முடித்த கையோடு சோனோகிராபிக்குப் போனால் படம் தெளிவாக இருக்கும். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மாட்டுங்கா செவிலி:
போன வருஷச் சீட்டு ஏன் வீணாச்சுன்னா, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாருக்கும் புரிஞ்சிருக்காது. "வலது, 10 மணித் திசை, காம்புலேர்ந்து 4 செ.மீ., அளவு 2 செ.மீ." மார்பைக் கடிகார முகமா நினைச்சு இப்படி எழுதுங்க. கூடவே துணைக்கு யார் போறாங்க, எந்தக் கிழமைன்னும் எழுதுங்க. சயான் ஆஸ்பத்திரி நடந்து போற தூரம், சர்ஜரி ஓ.பி.டி.ல கேஸ் பேப்பர் போட்டா போதும். மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தா மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துல (மாநில அரசோட மருத்துவக் காப்பீடு) சிகிச்சை கிடைக்கும். கார்டு இன்னும் திருநெல்வேலியிலயே இருக்கிறவங்களை இப்பவே கணக்கெடுங்க. மே மாசம் ஊருக்குக் கிளம்புறவங்களையும்தான், ஏன்னா போனா ரெண்டு மாசம் ஆயிடும்.

தாராவி மகளிர் குழு:
சரிங்க. ரெண்டு ஞாயிறு, 20 பேர் 20 பேரா, ரெண்டு நர்ஸ். முதல் ஞாயிறுல 50 தாண்டின 14 பேரையும் சேர்த்துட்டோம். அந்தப் பொண்ணுக்கு வியாழக்கிழமையோட 10 நாள் ஆகுது, வெள்ளிக்கிழமை காலையில நானே சயானுக்குக் கூட்டிப் போறேன்.