மழையில் நின்ற பென் கிரிம்

ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற மார்வெல் காமிக்ஸின் நான்கு பேர் சூப்பர்ஹீரோ குடும்பத்தை முதன்முதலில் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்த அறிமுகம் கதையின் நடுவில் வாய்த்தது. பழைய புத்தகக் கடையில் முன்னட்டை கிழிந்த கறுப்பு வெள்ளை மறுபதிப்பு ஒன்று கிடந்தது. பிரித்த இடத்தில் 51ஆம் இதழ், 1966இல் வந்த கதை. நியூயார்க் தெருவில், கொட்டும் மழையில் அந்த நால்வரில் ஒருவனான பென் கிரிம் நிற்கிறான். பாளம் பாளமாக வெடித்த பாறை உடம்பு. போக்கிடம் தெரியாத முகம். பக்கம் முழுவதும் அந்த ஒரே படம்தான். வில்லன் இல்லை, அடிதடி இல்லை. கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய மூன்று இதழ்களில்தான் பூமியையே விழுங்க கேலக்டஸ் வந்திருந்தான்! அவ்வளவு பெரிய ஆபத்து கடந்த கையோடு, ஒருவனின் தனிமைக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிய எழுத்தாளர் ஸ்டான் லீயையும் ஓவியர் ஜாக் கிர்பியையும் அன்றிலிருந்து கொண்டாடுகிறேன்.

பிறகு தேடிப் பிடித்து 1961ஆம் ஆண்டின் முதல் இதழைப் படித்தேன். நிலத்தடி ராட்சதர்கள், ரகசியத் தீவு என்று அந்தக் காலத்துச் சாகசக் கதைகளின் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. விண்கதிர்கள் ஆபத்தானவை என்று பென் எச்சரிக்கிறான். நண்பன் ரீட் ரிச்சர்ட்ஸ் கேட்கவில்லை. நால்வரும் ராக்கெட்டில் கிளம்புகிறார்கள், கதிர்கள் தாக்கி நால்வரின் உடம்பும் விசித்திர சக்திகளோடு மாறிவிடுகிறது. ரீட், சூ, அவள் தம்பி ஜானி மூவரும் நினைத்தபோது பழைய உருவத்துக்குத் திரும்பலாம். வேண்டாம் என்று சொன்ன பென்னால் மட்டும் முடியாது. நண்பனுக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்ய ரீட் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் போராடுகிறான். அந்தக் கடன்தான் இந்தக் காமிக்ஸின் உயிர். பென்னும் ஜானியும் ஓயாமல் போடும் சண்டையை வீட்டில் அண்ணன் தம்பியோடு வளர்ந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். எனக்குக் கிடைத்தது 9ஆம் இதழ். அப்பாவின் வியாபாரம் நொடித்து, நாங்கள் வீட்டைக் காலி செய்த வருடம் அது. சாமான் கட்டிய அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன். ரீட் பங்குச் சந்தையில் பணத்தை இழந்துவிடுகிறான். உலகத்தைக் காப்பாற்றியவர்களுக்குக் குடியிருக்கும் இடமே கைவிட்டுப் போகும் நிலை. ஹாலிவுட்டில் நடிக்க அழைப்பு வருகிறது. பயணத்துக்குப் பணம் இல்லாததால் வழியில் வண்டி கேட்டு ஏறிப் போகிறார்கள். அழைத்தது எதிரியான நேமோர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிகிறது. அந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். பணம் போய்விட்டது என்று ரீட் சொல்லும் பக்கத்துக்கே மறுபடியும் வந்தேன்.

முடித்ததும் அப்பாவிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். அதை எந்தப் பெட்டியிலும் வைத்துக் கட்ட விடவில்லை. புது வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது அவர் மடியிலேயே இருந்தது.