ஸ்விஃப்டுக்கு அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர்: செட்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

2014 ஸ்விஃப்ட். முன் ஷாக்கில் ஆயில் கசிவதால் நாலையும் மாற்றி, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் ஷாக் போடணும். ஸ்பிரிங் பழையதே, உயரம் குறைக்கவில்லை.

நம்ம டெல்டாவில் வயல் நடுவே போகிற ரோடெல்லாம் களிமண் இறங்கி அலையலையாகக் கிடக்கிறது. ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரிவதற்கு இருக்கும் தடையை, ரொம்ப இறுக்கினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி தாழ்ந்துகொண்டே போய் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கும். அதனால் மென்மையான நிலையிலிருந்து அட்ஜஸ்டரை ஒவ்வொரு கிளிக்காக (ஒவ்வொரு படியாக) ஏற்றுவதுதான் சரி. முன் ஷாக்கை பாடியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், டஸ்ட் கவர் புதிது. முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் மாட்டியவர்களே, ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் எத்தனை கிளிக் கூட்டுகிறீர்கள்? ஷாக்கின் மேல் நட்டை, வேகமாகச் சுற்றி முடுக்கும் இம்பாக்ட் கன் போடாமல், ஷாக்கின் நடு ராடு சுற்றாதபடி பிடித்து ஸ்பேனரால் முடுக்கும் ஒர்க்‌ஷாப் எது? ராடு வேகமாகச் சுற்றினால் உள்ளே அட்ஜஸ்டர் கெட்டுவிடும், அதுதான் பயம்.