கஞ்சமலைக் கல் காந்தமா? விலக்கத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்காடு_டீச்சர்:
எட்டாம் வகுப்புக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் சேலம் அருகே உள்ள கஞ்சமலை அடிவாரத்திலிருந்து கருங்கற்கள் சில கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு கல்லைச் சட்டக் காந்தத்தில் வைத்தோம், இரு முனையிலும் ஒட்டுகிறது. ‘இயற்கைக் காந்தம்’ என்று அட்டையில் எழுதலாமா? தேய்த்த இரண்டு பலூன்கள் ஒன்றையொன்று தள்ளும் விலக்கச் சோதனை இங்கே மூடுபனியில் எடுபடவே இல்லை. உடம்புக்குள்ளும் விலக்கு விசை உண்டா என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

அஸ்தம்பட்டி_பிசிக்ஸ்:
இப்போதைக்கு எழுதாதீங்க டீச்சர். அந்தப் பாறையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லும் பட்டை பட்டையாக இருக்கும். மேக்னடைட் இருந்தாலே காந்தத்தில் ஒட்டும், சாதாரண ஆணியும் ஒட்டத்தானே செய்கிறது! இன்னொரு காந்தத்தின் முனையைத் தள்ளி விலக்கினால்தான் காந்தம்.

சட்டக் காந்தம் பட்ட கல்லை ஒதுக்கிவிடுங்கள், அதில் இப்போது இருப்பது நீங்கள் ஏற்றிய காந்தத்தன்மையாகவும் இருக்கலாம். படாத கல்லை எடுத்து, சின்னத் திசைகாட்டியால் பாருங்கள். மர மேசை நல்லது; செல்போன், இரும்பு ஸ்டூல் எல்லாம் தள்ளி இருக்கட்டும். ஊசி அசையாமல் நின்றதும், அதன் வடமுனையை நோக்கிக் கல்லைக் கிழக்கிலிருந்து, ஒரு சாண் தூரத்தில் தொடங்கி, மெல்ல நகர்த்துங்கள். கல்லைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்காவது ஊசி கல்லை விட்டுத் தள்ளி விலகினால் தாராளமாக எழுதலாம். ரொம்பக் கிட்டே போனால், விலகிய ஊசியே கல்லை நோக்கித் திரும்பிவிடும். அதனால் தூரத்தில் தெரியும் முதல் அசைவைத்தான் நம்ப வேண்டும்.

பலூனில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும். பலூன், கம்பளித் துணி இரண்டையும் ஹேர் டிரையரில் காட்டி உடனே தேயுங்கள். பருத்தி நூலும் ஈரம் இழுக்கும், நைலான் நூலில் கட்டுங்கள்.

லேப்_சேலம்:
மாணவி அருமையாகக் கேட்டிருக்கிறாள். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை மூலக்கூறு இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே வகை, அதாவது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அழற்சி வந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும், விலக்கம் தளரும், அணுக்கள் காசு அடுக்கியதுபோல் சேர்ந்து வேகமாகப் படியும். இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) பரிசோதனை அளப்பது இதைத்தான். அதைச் செய்யும் வெஸ்டர்கிரென் முறையில் 4 பங்கு ரத்தத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க 1 பங்கு 3.8% சோடியம் சிட்ரேட். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, 1 மணி நேரம் கழித்து, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவின் உயரத்தை மி.மீ.யில் பார்ப்போம். குழாய் 3 டிகிரி சாய்ந்தாலே அளவு கூடுதலாகக் காட்டும். ரத்தசோகையிலும் கூடும், ஆகவே டாக்டர்கள் இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. கண்காட்சிக்குப் படம் வரைந்து காட்டினால் போதும், பிள்ளைகளிடம் ரத்தம் எடுக்க வேண்டாம்.