புதுப்பிப்பு: பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனை, சார்ட்டுக்கு அடுத்த படிகள்

முந்தைய இழையில், 6 மீட்டர் தூரத்தில் எழுத்துச் சார்ட் மாட்டி, ஒவ்வொரு கண்ணாக 6/9 வரியைப் (நல்ல கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் வரி) படிக்கவைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதில் கிட்டப்பார்வை பிடிபட்டுவிடும், தூரப்பார்வைதான் (கிட்டத்தில் இருப்பது மங்கும் கோளாறு) நழுவும். சின்ன வயதில் கண் வில்லை தானே குவியத்தைச் சரிக்கட்டிக்கொள்வதால் 6/6 வரியைக்கூடச் சரளமாகப் படித்துவிடுவார்கள்.

அதனால் +2.00 லென்ஸ் வைத்து அதே வரியைக் காட்டுங்கள். எழுத்து மங்க வேண்டும். மங்காமல் படித்தால் தூரப்பார்வை என்று சந்தேகம்தான், மேல் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

சார்ட்டே தெரியாத பிள்ளைக்குப் பின்ஹோல், அதாவது சிறு துளையிட்ட அட்டை வழியே பார்க்கவைப்பது. தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் தீரும். தெளியாவிட்டால் சோம்பேறிக் கண்ணோ (சிறுவயதில் சரியாகப் பழகாததால் பார்வை குறைந்த கண்) வேறு கோளாறோ இருக்கலாம். கண் மருத்துவர் பார்க்க வேண்டியது அது.

விரலால் கண்ணை மூட விடாதீர்கள், இடுக்கு வழியே பார்ப்பார்கள். உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல் மூடணும். அழுத்திய கண்ணுக்கு, அடுத்து அதன் முறை வரும்போது மங்கலாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் படித்ததும் கணக்கில் சேராது, அதுவும் ஒரு பின்ஹோல்தானே!

பவர் எழுதும் முன் மருத்துவர் சைக்ளோபென்டோலேட் சொட்டு (வில்லை குவியத்தைச் சரிக்கட்டாமல் தளர்த்தும் மருந்து) விட்டால் 30 முதல் 45 நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டால் மைனஸ் பவர் (கிட்டப்பார்வைக்கான பவர்) கூடுதலாக விழும். மறுநாள் வரை கிட்டத்து எழுத்து மங்கலாம். அன்று வீட்டுப்பாடம் வேண்டாம்.