ஆற்று மணலில் கிடைக்கும் பழங்காசு: வாங்கலாமா, கூடாதா?

கொங்குக்காசு:
வேறொரு இழையில் "பழங்காசு வாங்குகிற ஒவ்வொருவரும் தொல்லியல் அழிவுக்குக் கூலி கொடுக்கிறார்" என்று மண்ணடுக்கு என்ற பெயரில் எழுதும் நண்பர் எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு எங்கோ போய்விட்டதால் இங்கே தனியாகப் பதில் சொல்கிறேன்.

கரூர் அமராவதி ஆற்றையே எடுத்துக்கொள்வோம். சேரர் தலைநகர் வஞ்சி என்பது கரூர்தான் என்று சொல்கிறவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) காட்டும் ஆதாரங்களில் அந்த ஆற்று மணலில் கிடைத்த காசுகளுக்குப் பெரிய இடம் உண்டு. ரோமானிய வெள்ளிக்காசு, செப்புக்காசு, வில்லும் அம்பும் பொறித்த சேரர் காசு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை உருவத்தோடு தமிழ் பிராமியில் (பழந்தமிழ் எழுத்தில்) "மாக்கோதை" என்று சேர மன்னன் பெயர் எழுதிய வெள்ளிக்காசு. மாக்கோதை காசு அகழாய்வுக் குழியில் இருந்தா வெளிவந்தது? மணல் அரிக்கிறவர்கள் எடுத்தார்கள், வியாபாரிகள் வாங்கினார்கள், அவர்களிடம் இருந்து சேகரிப்பாளர்கள் வாங்கிப் படித்து, எடை போட்டு, படம் எடுத்து வெளியிட்டார்கள். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் பாண்டிய மன்னன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை வெளியிட்டாரே, ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன், அதற்கு முன் சங்க கால மன்னன் பெயர் பொறித்த காசு கிடைக்கும் என்று நம்பியவர்கள் எத்தனை பேர்?

யாரும் வாங்கவில்லை என்றால் இதெல்லாம் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போய் உருகியிருக்கும். இதை மறுக்க முடியுமா?

மண்ணடுக்கு:
சார், கிருஷ்ணமூர்த்தி செய்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்கினவர்களில் எத்தனை பேர் அவரைப் போல வெளியிட்டார்கள்? நூறு பேர் வாங்கி ஆல்பத்தில் செருகி வைக்கிறார்கள், ஒருவர் எழுதுகிறார், அந்த ஒருவர் பெயரைச் சொல்லியே மற்றவர்களுக்கும் நியாயம் தேடுகிறோம்.

அந்த மாக்கோதை காசுக்கே வருவோம். அது எந்த நூற்றாண்டு? எழுத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறோம், ரோமானியக் காசின் சாயல் இருக்கிறது என்று சொல்கிறோம். அதோடு எந்தப் பானை ஓடு கிடந்தது, கீழ் அடுக்கில் என்ன, மேல் அடுக்கில் என்ன என்ற கேள்விக்குப் பதிலே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. கீழடியில் குழிக்குள் கிடைத்த வெள்ளி முத்திரைக்காசு (சின்னங்கள் குத்திய பழங்காசு) ஒன்றே ஒன்று என்றாலும் அது எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று பதிவு இருக்கிறது. என்னைக் கேட்டால் கடையில் வாங்கிய ஐம்பது காசை விட அந்த ஒரு காசு அதிகம் பேசும்.

கொங்குக்காசு:
ஆற்று மணலில் ஏது ஐயா மண்ணடுக்கு? வெள்ளம் நூறு முறை புரட்டிப் போட்ட மணல் அது. அங்கே குழி தோண்டி அடுக்கு பார்க்க முடியாது. கீழடியையும் அமராவதியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மண்ணடுக்கு:
ஆற்றோடு நின்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். காசுக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகு ஆற்றங்கரை மேடும், பக்கத்துத் தோட்டமும், யாரும் தொடாத ஈமக்காடும் தோண்டப்படுகிறது. வியாபாரி எல்லாவற்றையும் "ஆத்துல கிடைச்சது சார்" என்று சொல்லித்தான் விற்கிறார். உங்கள் கையில் இருப்பது ஆற்றுக்காசுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?

தேம்ஸ்கரைத் தமிழன்:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், இரண்டு பேருக்கும் பயன்படும் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2010இல் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் உலோகம் கண்டறியும் கருவியோடு நடந்த ஒருவருக்கு மண்ணுக்குள் ஒரு பெரிய பானையின் வாய் தட்டுப்பட்டது. அவர் மேலே தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தொல்லியல் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தார்கள், மொத்தம் 52,503 ரோமானியக் காசுகள், 160 கிலோ எடை. அடுக்கடுக்காக எடுத்ததால்தான் ஒரு விஷயம் தெரிந்தது: காலத்தால் பிந்தியவையான, கரோசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளரின் காசுகளில் பெரும்பகுதி பானையின் பாதிக்குக் கீழே இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்த சேமிப்பு என்றால் புதிய காசுதானே மேலே இருக்க வேண்டும்? ஆக, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள், அது காணிக்கையாகக்கூட இருக்கலாம் என்ற வாதமே அங்கிருந்துதான் பிறந்தது. அவர் ஆர்வத்தில் அள்ளி ஒரு சாக்கில் போட்டிருந்தால் காசு அத்தனையும் இருந்திருக்கும், இந்தச் செய்தி மட்டும் இருந்திருக்காது. அருங்காட்சியகம் 3,20,000 பவுண்ட் கொடுத்து வாங்கியது, அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் போனது.

இன்னொன்று 2015, லெம்ஸ்டர் பக்கம். வைக்கிங் காலப் புதையலை எடுத்த இரண்டு பேர் யாரிடமும் சொல்லாமல் விற்றார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்று கணித்தார்கள், வழக்கு முடிவதற்குள் மீட்டது சில பத்துகள்தான். 2019இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். மீட்டவற்றில் அன்றைய இங்கிலாந்தின் இரண்டு அரசுகளான வெசெக்ஸின் மன்னர் ஆல்ஃபிரடும் மெர்சியா மன்னர் கியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக வெளியிட்ட காசுகள் இருந்தன. பிற்கால ஏடுகள் பொம்மை அரசன் என்று ஒதுக்கிய கியோல்வுல்ஃபைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்த காசுகள் அவை. மீதி எங்கே? யார் வீட்டு இழுப்பறையிலோ!

கொங்குக்காசு:
நீங்கள் சொன்ன முதல் கதையைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த மனிதர் ஏன் சொன்னார்? நல்லவர் என்பது ஒரு காரணம். சொன்னால் நஷ்டம் இல்லை என்று சட்டம் அவருக்கு உறுதி கொடுத்திருந்தது இன்னொரு காரணம்.

நம் நாட்டில் என்ன நிலைமை? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால் அந்த உலோகத்தின் விலையும் அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். தங்கப் புதையல் என்றால் பரவாயில்லை. செப்புக்காசு என்றால்? உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்னும் சங்க காலச் செப்புக்காசாக இருந்தாலும் செம்பு விலைதான். ஒரு நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் அரிக்கிறவர் அதற்காகக் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாரா? அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் அவருக்கு நியாயமான விலை கொடுக்கிறேன், அதனால்தான் காசு உருகாமல் இருக்கிறது.

சட்டப்பிரியன்:
ஒரு சேர்க்கை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசு தொல்பொருள் கணக்கில் வரும். வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவது தவறு. ஆனால் உரிமம் இல்லாமல் அதை வியாபாரமாக விற்பது குற்றம், தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

புதுசேகரிப்பாளன்:
அண்ணே, நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் பச்சை பிடித்த செப்புக்காசு சில இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?

கொங்குக்காசு:
தம்பி, கையை எடுங்கள்! புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். அந்தப் பச்சைப் படலத்துக்குள்ளேதான் எழுத்தின் விளிம்பு இருக்கிறது, தேய்த்தால் படலத்தோடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், அவ்வளவுதான். அப்புறம் விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு, மேலெல்லாம் ஊசிக்குத்து மாதிரிக் குழி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் அச்சுக்குத்திய காசு என்று சொல்லி வார்த்த போலியைத் தலையில் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

மண்ணடுக்கு:
போலி பற்றி நீங்களே சொன்னது நல்லது. எங்கே கிடைத்தது என்ற பதிவு இல்லாத சந்தையில்தான் போலி செழிக்கும்.

சட்டத்தின் இழப்பீடு அநியாயம் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். 1878இல் போட்ட கணக்கை இன்றும் வைத்திருப்பது வெட்கக்கேடு. ஆனால் சட்டம் சரியில்லை என்பதால் வாங்குகிறவருக்குக் கடமையே இல்லாமல் போகுமா? 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக்காசு ஒரே இடத்தில் கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் வேண்டுமென்றே வெட்டிய கீறல். மொத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததால்தான் அது தற்செயல் இல்லை, இங்கே யாரோ ஒரு முறையோடு வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதுவே இன்றைய சந்தைக்கு வந்திருந்தால்? வெட்டு இல்லாத காசு நல்ல விலைக்குப் போயிருக்கும், வெட்டுப்பட்டதைச் சேதம் என்று சொல்லித் தங்க விலைக்குத் தள்ளியிருப்பார்கள். உங்கள் ஆல்பத்தில் வெட்டுப்பட்ட காசு எத்தனை இருக்கிறது சார்?

கொங்குக்காசு:
வெட்டுப்பட்ட வெள்ளிக்காசு இருக்கிறது, விரும்பித்தான் வாங்கினேன். என் உறை ஒவ்வொன்றிலும் எடை, வாங்கிய தேதி, விற்றவர் சொன்ன இடம் எழுதியிருக்கிறது. யார் வந்து கேட்டாலும் காட்டுவேன், ஆய்வு மாணவர்களுக்குப் படமும் கொடுத்திருக்கிறேன். வாங்குவதை நிறுத்து என்றால் மட்டும் முடியாது. நான் நிறுத்தினால் அந்த இடத்துக்கு வருகிறவர் உறையில் ஒன்றும் எழுத மாட்டார்.

மண்ணடுக்கு:
"விற்றவர் சொன்ன இடம்" என்பதும் "கிடைத்த இடம்" என்பதும் ஒன்றல்ல. அரிக்கிறவரையே நேரில் பார்த்து எந்தத் துறை, எந்தப் படுகை, கூடவே ஓடு, மணி ஏதாவது வந்ததா என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் படத்தோடு பொதுவில் போடுங்கள், கேட்கிறவருக்கு மட்டும் காட்டுவது போதாது. மேட்டு நிலத்துக் காசு என்று துளி சந்தேகம் வந்தாலும் வாங்காதீர்கள், எவ்வளவு அரிதாக இருந்தாலும் சரி. இதைச் செய்கிற சேகரிப்பாளரோடு எனக்குச் சண்டை இல்லை. செய்யாதவரைப் பற்றி முந்தைய இழையில் எழுதியதில் ஒரு வரியையும் மாற்றப் போவதில்லை.

கொங்குக்காசு:
மேட்டு நிலத்துக் காசைத் தொடாதே என்பதை ஏற்கிறேன். பொதுவில் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: எந்தத் துறை என்று எழுதிய மறுநாளே அங்கே பத்து பேர் சல்லடையோடு இறங்குவார்கள். அதற்கு என்ன வழி என்று சொல்லுங்கள், பேசுவோம்.