எச்.ஐ.வி. எங்கே முடிந்து எய்ட்ஸ் எங்கே தொடங்குகிறது?

குடியாத்தம் வாசகி:
வணக்கம். அடுத்த வாரம் எங்கள் மகளிர் குழுவில் எச்.ஐ.வி. பற்றிப் பேச வேண்டும். பீடி சுற்றும் பெண்கள்தான் அதிகம். "ரத்தத்துல வந்துட்டா எய்ட்ஸுதானே, அப்புறம் இன்னா வைத்தியம்?" என்பதுதான் பலருடைய பேச்சு. இரண்டும் வேறு என்று தெரியும். ஆனால் எது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் திணறிவிடுவேன். ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணு அளவு 200-க்குக் கீழே போனால்தான் மாத்திரை தருவார்கள் என்றும் சொல்கிறார்கள். சரியா?

காட்பாடி லேப்:
சகோதரி, முதலில் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. சோதனை மையம்) விரல் நுனியிலோ நரம்பிலோ ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். மூன்று வெவ்வேறு கிட்டிலும் 'ரியாக்டிவ்' வந்தால்தான் தொற்று உறுதி. அந்தத் தாளில் 'எய்ட்ஸ்' என்ற சொல்லே இருக்காது, ஏனென்றால் இந்தச் சோதனை சொல்வது வைரஸ் உள்ளே வந்திருக்கிறதா என்பதை மட்டும். உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது சி.டி.4. இந்த வெள்ளை அணுக்களுக்குள்தான் வைரஸ் புகுந்து பெருகுகிறது. நல்ல உடல்நிலையில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்கும். தொற்று உள்ளவருக்கு அது 200-க்குக் கீழே இறங்கினாலோ, எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களை எளிதில் தாக்கும் சில நோய்கள் வந்தாலோ அந்த நிலைக்குப் பெயர் எய்ட்ஸ். மருந்தே எடுக்காவிட்டால் அங்கே போய்ச் சேரப் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளில் ஆள் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், பார்க்க ஒன்றும் தெரியாது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் ஒரு ஆய்வுக்காகப் பெண்களிடம் எடுத்த ரத்தம் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான் சோதிக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். அந்தப் பெண்கள் நோய் முற்றிப் படுத்துக் கிடந்து சோதனைக்கு வந்தவர்கள் இல்லை.

ஒரு எச்சரிக்கை: 200 என்பது சுவர் மாதிரி நிற்கும் கோடு இல்லை. காய்ச்சலோடு ரத்தம் கொடுத்தால் சி.டி.4 இறங்கிக் காட்டும். காலைக்கும் மாலைக்கும் கூட மாறும். ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் பயந்துவிடக் கூடாது.

ஆற்காடு ஆலோசகர்:
மேலே சொன்னது சரி. 'அந்தச் சில நோய்கள்' என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், குழுவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். நம் பக்கம் முதலில் நிற்பது காசநோய். நுரையீரலில் மட்டும் இருந்தால் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யைப் பிரிக்கும் நான்கு நிலைகளில் அது மூன்றாம் நிலை. மூளை உறை, வயிறு என்று வெளியே பரவினால் நான்காம் நிலை, அதாவது எய்ட்ஸ். வாய்க்குள் வெள்ளைப் படலம் மூன்றாம் நிலை. அதே பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கி, சோறு விழுங்கும்போதே நெஞ்சுக்குள் வலித்தால் நான்காம் நிலை. இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் உடனே சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள்.

200-க்குக் கீழே போனால்தான் மாத்திரை என்பது பழைய விதி. 2004-இல் அரசு இலவசமாக, வைரஸை அடக்கும் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது அப்படி இருந்தது. பிறகு 350 ஆச்சு, 500 ஆச்சு. 2017 முதல் தொற்று உறுதியான எல்லோருக்கும், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. பழைய விதியை நம்பி "இன்னும் குறையட்டும்" என்று காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் உங்கள் கூட்டத்தில் முதலில் உடைக்க வேண்டியது இதைத்தான். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மையத்துக்கு அனுப்புங்கள். யாரையும் கேட்காமல் விவரம் தெரிய வேண்டுமானால் 1097 இலவச எண்.

எய்ட்ஸ் நிலைக்குப் போனவரும் மீண்டு வரலாம். வந்த நோய்க்கு முதலில் வைத்தியம், பிறகு கூட்டு மருந்து. மூளைக் காய்ச்சல் இருந்தால் சில வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். அவசரப்பட்டால் திடீரென எழும் எதிர்ப்புச் சக்தியே மூளையில் வீக்கத்தைக் கூட்டிவிடும். "ஏன் மருந்து தராமல் இழுக்கிறார்கள்" என்று வீட்டார் சண்டை போடாதிருக்க இதையும் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் ராணிப்பேட்டை:
மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்டுவது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை. தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 200 வைரஸ் பிரதிகளுக்குக் கீழே நிலைத்திருந்தால் (இது சி.டி.4-இன் 200 இல்லை) உடலுறவு வழியே துணைக்குத் தொற்றாது. இப்போது பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தருவது தினம் ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். மாதம் 30-இல் ஒன்று விட்டால் 97 சதவீதம். இரண்டு விட்டால் 93-க்கு வந்துவிடும். 95-க்கு மேல் வைக்கச் சொல்வது வழக்கம். மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 இன்னொன்று தேவை. ரிஃபாம்பிசின் அதை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும்.

குடியாத்தம் வாசகி:
நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். எங்கள் குழுவில் பலர் இரும்பு, கால்சியம் மாத்திரை போடுகிறார்கள். சேர்த்துப் போடலாமா?

மருந்தாளுநர் ராணிப்பேட்டை:
வெறும் வயிற்றில் கூடாதும்மா. டோலுடெக்ராவிர் அவற்றோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போய்விடும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போடட்டும். சாப்பாட்டோடு என்றால் இரும்பும் கால்சியமும் சேர்ந்து போகலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து மட்டும் சாப்பாட்டோடும் வேண்டாம், அதற்கு அந்த இடைவெளியேதான்.